ரகசியமாகத்தான் சொன்னேன்

ஜூன் 4

இந்த நோட்டு சாந்தாமணி வாங்கிக் கொடுத்தது. "வாயில வர்றதையெல்லாம் இதுல எழுதுங்க, லிஃப்டுல பேசாதீங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ரிட்டயராகி ஊருக்கு வந்த மனுசனுக்கு இம்போசிஷன்.

குற்றம் என்னவென்று எழுதிவிடுகிறேன். நாங்கள் இருபத்தெட்டு வருசம் இந்தோனேசியாவில், பாண்டுங் என்ற ஊரில் இருந்தோம். நான் அங்கே ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு சூப்பர்வைசராகப் போய் புரொடக்‌ஷன் மேனேஜராக வெளியே வந்தவன். அந்த ஊரில் தமிழ் என்பது எங்கள் இரண்டு பேருடைய சொந்தச் சொத்து. பஸ்ஸில், சந்தையில், முதலாளி வீட்டுக் கல்யாணத்தில், எதிரே நிற்கிறவன் மூக்கைப் பற்றி அந்த மூக்குக்கு முன்னாலேயே பேசுவோம். ஏதோ மரியாதையாகச் சொல்கிறோம் என்று நினைத்து அவனும் தலையாட்டிச் சிரிப்பான். இருபத்தெட்டு வருசப் பழக்கம், விமானத்தை விட்டு இறங்கினதும் போய்விடுமா?

நேற்று லிஃப்டில் எங்களோடு ஒருத்தர் ஏறினார். பார்க்க நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வயிறு அவருக்கு முன்னாலேயே ஏறிவிட்டது. நான் சாந்தாவிடம், ரகசியமாகத்தான், "ஏனம்மிணி, இவருக்கு இது எத்தனையாவது மாசம்?" என்று கேட்டேன்.

"பத்து முடிஞ்சுதுங்க. டாக்டர் இன்னும் பொறுத்துப் பாக்கலாம்ங்கறாரு" என்று அவரே பதில் சொல்லிவிட்டு முதல் மாடியில் இறங்கிக்கொண்டார். பெயர் கனகராஜாம். எங்கள் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் செயலாளராம். சாந்தா இரண்டாவது மாடி வரும் வரைக்கும் லிஃப்ட் சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

ஜூன் 6

கோயமுத்தூர் வடவள்ளியில் இந்த வீட்டை வாங்கியது என் யோசனை. சாந்தாவுக்கு அரை மனசு கூட இல்லை, கால் மனசுதான். "எனக்கு அங்க இப்ப யாரைத் தெரியும்? எங்கூட்டு ஆளுகளே ஆளுக்கொரு திக்குல இருக்கறாங்க" என்றாள். பாண்டுங்கில் அவளுக்கு ஒரு தெருவே சொந்தம். எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் போவாள், எவள் வேண்டுமானாலும் கேட்காமல் வருவாள். எங்கள் மகள் சுகந்தி வேறு, ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருந்துகொண்டு, "அம்மா, இங்க வந்துருங்க, ரூம் சும்மா கெடக்குது" என்று வருசா வருசம் கூப்பிடுகிறாள்.

கடைசியில் ஒப்பந்தம் இப்படி ஆனது. "தீவாளி வரைக்கும் பாக்கறேனுங்க. மனசு ஒட்டலைன்னா நான் சுகந்திகிட்டப் போயிருவேன். நீங்க இருங்க, உங்க மருதமலையப் பாத்துக்கிட்டு."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறவனுக்கு சாந்தாமணியைத் தெரியாது. கல்யாணமான புதுசில் "இனி உங்க சட்டைக்கு இஸ்திரி போட மாட்டேன்" என்று ஒரு கோபத்தில் சொன்னாள். இன்று வரைக்கும் நான்தான் போட்டுக்கொள்கிறேன்.

அதனால் அவள் மனசு ஒட்டுவதற்கு என்னால் ஆனதைச் செய்தேன். சமையலறை சிங்க்கை ஜன்னலுக்குக் கீழே வைக்கச் சொன்னேன், அடுப்பையும் அதே பக்கம். பாத்திரம் கழுவும்போதும் மருதமலை தெரியும், தாளிக்கும்போதும் மருதமலை தெரியும். இன்ஜினியர் "சூப்பர் ஐடியா சார்" என்றார். நானும் நம்பினேன்.

ஜூன் 10

காலிங் பெல் சரியில்லை. கூரியர்காரர் வந்து வந்து திரும்பிப் போயிருக்கிறார். எலெக்ட்ரீசியனை வரச் சொன்னேன். அவர் வெளியே போய் அமுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்களே அடிக்குது" என்றார். சாந்தாவும் தலையாட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். இந்தக் காலத்தில் பெல்லுக்குத் தரம் இல்லை. வேறு மாட்டச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் சாந்தா, "ஒருக்கா காது டாக்டர்கிட்டக் காட்டிப் பாக்கலாமுங்களா?" என்று ஆரம்பித்தாள். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். பெல் ரிப்பேருக்கும் என் காதுக்கும் என்ன சம்பந்தம்? டி.வி.யைச் சத்தமாக வைத்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். வரவேற்க வந்திருப்பார்கள்.

ஜூன் 15

புதுப் பெல்லும் சரியில்லை.

ஜூன் 19

இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன வந்தது? எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். கோயமுத்தூர்க்காரன் மரியாதையாகப் பேசுவான், தெரியும், நானும் கோயமுத்தூர்க்காரன்தான். ஆனால் வாக்கியம் பூராவையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு கடைசி "ங்க"வை மட்டும் வெளியே விட்டால் எப்படி?

நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு "சரிங்க, ஆகட்டுங்க" என்றுவிடுவது. மில் வாழ்க்கையில் கற்ற வித்தை. நேற்று அசோசியேஷன் மீட்டிங்கில் அதைத்தான் செய்தேன். விநாயகர் சதுர்த்திக்கு மைக்செட், பந்தல், சுண்டல் மூன்றுக்கும் இப்போது நான்தான் பொறுப்பு. கனகராஜ் எழுந்து நின்று கைதட்டினார்.

ஜூன் 24

நல்ல நாள். எதிர்வீட்டு திலகவதி டீச்சர் சாந்தாவுக்கு சிநேகிதமாகிவிட்டார். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயரானவர். வீட்டுக்காரர் தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஒரு டப்பாவில் பச்சைப்பயறு கடைந்து கொண்டுவந்தார். சாந்தா அதே டப்பாவில் அரிசிம்பருப்பு சாதம் போட்டுக் கொடுத்தாள். அந்த டப்பா இப்போது எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு பேரும் சேர்ந்து சாயங்காலம் கீழே வாக்கிங் போகிறார்கள். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். சாந்தா எதற்கோ குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். எனக்கு அப்படியொரு நிம்மதி. தீபாவளியாவது, பெர்த்தாவது, இனிப் போகமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 30

லிஃப்ட் சம்பவம் திரும்ப நடக்காமல் இருக்க சாந்தா ஒரு வழி சொன்னாள். "வெளிய யாரைப் பத்தியாச்சும் சொல்லியே ஆகோணும்னா பஹாசாவுல சொல்லுங்க." இந்தோனேசிய பாஷையில். நல்ல யோசனைதான். கஷ்டம் என்னவென்றால், அவளுக்குத் தெரிந்தது தெருப் பெண்களோடு வம்பளந்த பஹாசா. எனக்குத் தெரிந்தது மில் பஹாசா. "நிறுத்து", "துடை", "நூல் அறுந்துபோச்சு", "நாளைக்கு முதலாளி வருகிறார்." இதை வைத்துக்கொண்டு காய்கறிக் கடைக்காரரைப் பற்றி என்ன ரகசியம் பேசுவது? கத்தரிக்காய் சொத்தை என்று சொல்லத் தெரியாமல் "நூல் அறுந்துபோச்சு" என்றேன். சாந்தா பையைக் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்துவிட்டாள்.

ஜூலை 8

எழுதவே கை வரவில்லை. ஆனால் வாயில் வருவதை எழுதத்தானே நோட்டு. வாயில் வந்ததையே எழுதுகிறேன்.

மத்தியானம் டீச்சர் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு டி.வி.யில் செய்தி பார்க்கணும். சமையலறைக்குள் போனேன். சாந்தா ஜன்னலைப் பார்த்தபடி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் காதோரம் போய், ரகசியமாகத்தான், சத்தியமாக ரகசியமாகத்தான் சொன்னேன். "இந்தம்மா எப்ப எந்திரிக்கும்? வீட்ல பேச நாதியில்ல, அதான் இங்க வந்து ஒட்டிக்கிட்டுது."

சாந்தா கையிலிருந்த டபரா அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் ஹாலைப் பார்த்தாள். நான் திரும்பினேன். டீச்சர் எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "வர்றனுங்க" என்ற மாதிரி வாய் அசைந்தது. கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

பாண்டுங்காக இருந்திருந்தால் அந்தம்மா சிரித்துக்கொண்டு தலையாட்டியிருப்பார். ஆனால் பாண்டுங்காக இருந்திருந்தாலும் நான் சொன்னது சொன்னதுதானே? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கு.

ஜூலை 9

சாப்பாடு மேசையில் இருந்தது. சாந்தா அறையில் இருந்தாள்.

ஜூலை 12

மன்னிப்புக் கேட்கப் போனேன். பழம், பூ எல்லாம் வாங்கிக்கொண்டு, என்னமோ பொண்ணு பார்க்கப் போகிறவன் மாதிரி. டீச்சர் கதவைத் திறந்தார். "பெரிய தப்புங்க டீச்சர், மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். பக்கத்து வீட்டில் மிக்ஸி வேறு ஓடியிருக்கணும், ஒரு வார்த்தை பிடிபடவில்லை. மன்னிச்சுட்டேன் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, "ரொம்ப சந்தோஷமுங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார். பழம் என் கையிலேயே இருந்தது.

டீச்சர் சாந்தாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார் போல. சாயங்காலம் சாந்தா வந்து என் எதிரே நின்று, முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அன்னிக்கு அவங்க வீட்டுக்காரரோட திதி. தனியா உக்கார முடியாமத்தான் நம்மூட்டுக்கு வந்தாங்களாம். அதைச் சொல்லியிருக்கறாங்க. நீங்க ரொம்ப சந்தோஷம்னீங்களாம்."

நான் பழத்தைப் பார்த்தேன். எதையாவது பார்க்கணுமே.

ஜூலை 17

டப்பா நடப்பது நின்றுவிட்டது. வாக்கிங் இல்லை. சாந்தா பால்கனியில் துணி மடிக்கிறாள், சமையலறையில் ஜன்னலைப் பார்த்து நிற்கிறாள், அவ்வளவுதான்.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கு. பாண்டுங்கில் இவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. சமைத்துக்கொண்டே ஹாலைப் பார்த்து நின்று கத்துவாள், சண்டை பிடிப்பாள், பாதிச் சண்டையில் சிரித்துவிடுவாள். அக்கம்பக்கத்துக்கு ஒரு எழுத்துப் புரியாது, அதனால் இரண்டு பேரும் தொண்டை கிழியப் பேசுவோம். இங்கே வந்து பேச்சையே விட்டுவிட்டாள். என்மேல் அவ்வளவு வெறுப்பு. கேட்கலாம் என்றால் பயமாக இருக்கு. "ஆமா, போறேன்" என்றுவிட்டால்?

கேட்காமல் இருந்தால் தீபாவளி வரைக்குமாவது தள்ளலாம்.

ஜூலை 21

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் லாரி வந்தது. சதுர்த்திப் பந்தலுக்கு ஆள் பார்த்தேன்.

காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது சாந்தா சிங்க்கில் நின்றபடி ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. தோள் அசைந்ததை வைத்துச் சொல்கிறேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என்ன பெரிதாகக் கேட்டிருக்கப் போகிறாள், ரசமா மோரா என்றிருக்கும். "சரி, உன் இஷ்டம்" என்றேன். மறுபடி தோள் அசைந்தது. "அதான் சரின்னுட்டேனே" என்று கொஞ்சம் செல்லமாகவே சொன்னேன். பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்துப் போகிறவன் வீட்டில் சண்டை வராது.

மத்தியானம் ரசமும் இல்லை, மோரும் இல்லை. வெறும் தயிர். சாந்தாவுக்குக் கண் சிவந்திருந்தது. சின்ன வெங்காயம் உரித்தாள் போல.

ஜூலை 22

வெங்காயம் எதிலும் தென்படவில்லை.

ஜூலை 29

சாந்தா மருதமலைக்குப் போயிருந்தாள். சுகந்தி என் போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றி, காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். எப்போதும் அப்படித்தான் பேசுவேன். வசதி.

"அப்பா, ஆகஸ்ட் பதினெட்டுக்கு அம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சு."

"எதுக்கு?"

"என்னப்பா எதுக்குங்கறீங்க? நீங்களே சரி, உன் இஷ்டம்னு சொன்னீங்களாமே. திரும்பி வர்றதுக்கு டிக்கெட் வேண்டாம்னுட்டாங்க அம்மா."

சுகந்தி விடவில்லை, சின்ன வயசிலிருந்து என்னைத் திட்டுவதற்கென்றே அவளுக்கு ஒரு குரல் உண்டு. "அம்மா என்ன சொல்லி அழறாங்க தெரியுமா? 'நான் சுகந்திகிட்டயே போயிரட்டுங்களான்னு கேட்டேன். ஏன் போறேன்னு ஒரு வார்த்தை கேப்பாருன்னு பாத்தேன். பேப்பர்லருந்து தலையக்கூட எடுக்கல. மறுக்காக் கேட்டேன், அதான் சரின்னுட்டேனேங்கறாரு'ங்கறாங்க. நாள் பூரா உங்ககிட்டப் பேசிப் பேசிப் பாக்கறாங்களாம்ப்பா. சமையல்ரூம்ல நின்னு பேசிட்டே இருக்காங்களாம். நீங்க சரி சரிங்கறீங்களாம், இல்ல, அதுவும் இல்லையாம். அங்க எல்லாருக்கும் தமிழ் தெரியும்னு கொஞ்சம் மெதுவாப் பேசறாங்க, அதுக்காக நீங்க காதுலயே வாங்காம இருப்பீங்களா?"

நான் "சரிம்மா" என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அவள் நிற்கிற இடத்தில் நின்றேன். மருதமலை தெரிந்தது. ஹால் தெரியவில்லை. ஹாலில் இருக்கிறவனுக்கு இவள் முதுகுதான் தெரியும். பாண்டுங் வீட்டில் அடுப்பு ஹாலைப் பார்த்து இருந்தது. அவள் வாயைப் பார்த்துப் பார்த்தே இத்தனை வருசம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வாயைக் கொண்டுபோய் மலைப் பக்கம் திருப்பிவைத்தது யார்? நான்தான். சூப்பர் ஐடியா சார்.

ஜூலை 30

இதையும் எழுதிவிடுகிறேன், எப்படியும் யாரும் படிக்கப் போவதில்லை. எனக்குக் காது கேட்கவில்லை. இன்றைக்கு நேற்று இல்லை.

நூல் நூற்கிற மெஷின், ரிங் ஃபிரேம், ஓடுகிற ஷெட்டுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் வேலை. காது போனவர்களை ஷெட்டிலிருந்து எடுத்து குடோனுக்கு மாற்றிவிடுவார்கள். பஞ்சு மூட்டை எண்ணிக்கொண்டு உட்காரலாம். என் சீனியர் ஒருத்தர் அப்படித்தான் போனார், அப்புறம் யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அதைப் பார்த்த அன்றைக்கே தலையாட்டக் கற்றுக்கொண்டேன். மில்லை ஏமாற்றினேன், அது சரி. வீட்டுக்கு வந்தும் விடவில்லை பாருங்கள், பெண்டாட்டியிடமும் மேனேஜர் வேலை பார்த்திருக்கிறேன்.

இன்று முழுக்க சாந்தாவிடம் சொல்ல இரண்டு மூன்று தடவை எழுந்தேன். அவள் பெட்டியில் துணி வைத்துக்கொண்டிருந்தாள். "பொட்டி போதுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கேட்கிற கேள்வியா அது!

ஆகஸ்ட் 1

யாருக்கும் சொல்லாமல் காது பரிசோதிக்கும் இடத்துக்குப் போனேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்தார்கள். "பீப்" கேட்டால் அமுக்கணுமாம். பாஸாகியே தீர்வது என்று முடிவு பண்ணி, ஒரு குத்துமதிப்பாக, சீராக, தாளம் தவறாமல் அமுக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டரம்மா கதவைத் திறந்து உள்ளே வந்தார்.

"சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க."

பிறகு ஒழுங்காகச் செய்தேன். ஒழுங்காகச் செய்தால் அமுக்க வேலையே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா ஒரு படம் காட்டினார், கோடு ஒன்று இறங்கிக்கொண்டே போனது. இரண்டு காதுக்கும் மெஷின் போடணும், அச்செடுத்துச் செய்துவர நாளாகும். "இத்தனை நாள் எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"சரிங்க சரிங்கன்னு" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது. அந்தம்மா ஒரு டிஷ்யூ கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மெஷின் வருவதற்குள் சாந்தா போயிருப்பாள். மெஷினை மாட்டிக்கொண்டு யார் பேசுவதைக் கேட்பது? காலிங் பெல்லையா?

ஆகஸ்ட் 3

சொல்லிவிட்டேன். சாந்தாவிடம் மட்டும் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

சாயங்காலம் தூறல் விட்டிருந்தது. அவள் பால்கனியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் ஒத்திகையெல்லாம் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் போய், வாயை அவள் காதோரம் வைத்து, இதற்கு மேல் ஒரு மனிதனால் ரகசியமாகப் பேச முடியாது என்ற அளவுக்கு மெதுவாகச் சொன்னேன்.

"அம்மிணி, அன்னிக்கு நீ போகட்டுமான்னு கேட்டதே என் காதுல விழலை. நீ என்ன கேட்டீன்னு தெரியாமத்தான் சரின்னேன். எனக்குக் காது போச்சு. மில்லுலயே போச்சு. உங்கிட்ட மறைச்சுட்டேன். நீ பேசறதையே விட்டுட்டீன்னு நெனச்சுட்டிருந்தேன். நீ போயிட்டீன்னா எனக்கு ஆருமில்ல. பயமா இருக்குது அம்மிணி. போகாத."

சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். வாக்கிங் போனவர்கள் எல்லாம் நடப்பதை நிறுத்தியிருந்தார்கள். கனகராஜ் வாட்ச்மேனைப் பார்த்து நீட்டின கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டு அண்ணாந்திருந்தார். எதிர் பிளாக்கில் ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு தலை. மாதுளைச் செடிக்குப் பக்கத்தில் திலகவதி டீச்சர், வாயில் கை வைத்துக்கொண்டு.

ஓடி ஒளியலாம் என்றால் எங்கே ஓடுவது? சொந்த வீடு.

சாந்தா ஏதோ சொன்னாள். துண்டை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள், உதடு தெரியவில்லை. "கேக்கல அம்மிணி" என்றேன். மறுபடி சொன்னாள், உதடு கோணிக்கொண்டு போனது, அழுகிறாளா திட்டுகிறாளா என்றே தெரியவில்லை. நான் காதைத் தொட்டுக் காட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தலையாட்டாமல், கேட்கவில்லை என்று காட்டினேன்.

கீழேயிருந்து டீச்சர் இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு கத்தினார். வகுப்பின் கடைசி பெஞ்சு வரைக்கும் கணக்கு நடத்தின குரல், எனக்கே கேட்டது. "சாந்தா, சத்தமாச் சொல்லுங்க! இனி என்ன வெக்கம்? அதான் நாங்க எல்லாத்தையும் கேட்டாச்சே!"

சாந்தா துண்டைக் கீழே போட்டாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பாண்டுங் குரல், தெருவே அதிரும் அந்தக் குரல், ஊருக்கு வந்து முதல் தடவையாக வெளியே வந்தது.

"நான் போகலீங்! கேட்டுச்சுங்களா? எங்கயும் போகலீங்! இத்தனை நாளும் நான் செவுத்துக்கிட்டயா பேசிட்டுக் கெடந்தேன்? கூறுகெட்ட மனுசா!"

கேட்டது. முதல் தடவையே, ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"கேக்கலியே அம்மிணி" என்றேன்.

இன்னொரு தடவை சொன்னாள்.